வண்டி எதோடு சேர்ந்து அதிர்கிறது?

மெக்கானிக் கடையில் வண்டியை நிறுத்தி, "வைப்ரேஷன் அதிகமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பொது சர்வீஸ். ஆயில் மாறும், ஏர் ஃபில்டர் சுத்தமாகும், செயின் இறுகும், பில் வரும். அதிர்வும் கூடவே வீடு திரும்பும். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்ல அதிகம் இல்லை. எழுபது கி.மீ. வேகத்தில் வருகிற நடுக்கம், கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டியில் தெரியாது. அதை உணர்ந்தவர் ஓட்டியவர் ஒருவர்தான். ஆகவே துப்பறியும் வேலையில் முக்கால்வாசி அவருடையது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவரும் அதைச் செய்துவிடலாம்.

தேட வேண்டியது ஒரே கேள்விக்கான விடை: அதிர்வு எதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது? என்ஜின் சுழற்சியோடா, சக்கரத்தின் வேகத்தோடா, ஆக்சிலேட்டர் கொடுப்பதோடா, பிரேக் பிடிப்பதோடா? "எங்கே அதிர்கிறது" என்பது இதற்கு அடுத்த கேள்விதான். அதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் அதிகம். பின்சக்கரக் கோளாறு ஹேண்டில்பாரில் தெரியலாம். என்ஜின் போல்ட் தளர்ந்தது சீட்டில் தெரியலாம். ஃபிரேம் என்பது ஒன்றோடொன்று பற்றவைத்த இரும்பு. ஒரு முனையில் பிறந்த அதிர்வு மறுமுனையில் தலைகாட்டுவதற்கு அதில் தடை ஏதுமில்லை.

முதலில், எது இயல்பு?

நம் சாலைகளில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர் வண்டிகள். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. அந்த உதறலைச் சமன் செய்ய, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டில் எதிர் எடை வைத்திருக்கிறார்கள். ஆனால் மேல் கீழ் உதறல் முழுவதையும் எதிர் எடையால் அடக்கப் பார்த்தால், அதே அளவு உதறல் முன் பின்னாகக் கிளம்பிவிடும். அதனால் ஏறக்குறைய பாதியை மட்டும் அடக்கிவிட்டு மீதியை விட்டுவிடுவது பழைய வழக்கம். எதிர்த் திசையில் சுழலும் பேலன்சர் ஷாஃப்டைச் சேர்த்தால் அந்த மீதியும் பெரும்பாலும் போய்விடும்.

ராயல் என்ஃபீல்டு 350 வண்டிகள் இதற்கு நல்ல உதாரணம். பழைய 346 சிசி என்ஜினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ.; பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 2020இல் மீட்டியோரிலும் அடுத்த ஆண்டு கிளாசிக்கிலும் வந்த 349 சிசி என்ஜினில் அந்த ஷாஃப்ட் இருக்கிறது. புதிய கிளாசிக்கை ஓட்டிப் பழகியவர் நண்பரின் பழைய கிளாசிக்கில் ஏறி எண்பதைத் தொட்டால், ஏதோ கழன்றுவிட்டது என்றே நினைப்பார். ஒன்றும் கழலவில்லை, அது பிறவிக் குணம். அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சாமான்களில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் வண்டியின் அதிர்வு இயல்பானதா என்று தெரிந்துகொள்ள உறுதியான வழி, அதே மாடல், அதே காலத்து வண்டி ஒன்றை அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. இணையத்தில் நூறு பேரிடம் கேட்பதைவிட இது மேல்.

இயல்பான அதிர்வு வாங்கிய நாள் முதல் ஒரே மாதிரி இருக்கும். கோளாறு என்பது புதிதாக முளைத்தது, அல்லது வரவர வளர்வது. ஆகவே, எப்போது தொடங்கியது என்று யோசியுங்கள். டயர் மாற்றிய பிறகா, செயின் செட் போட்ட பிறகா, பஞ்சர் ஒட்டிய பிறகா, பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகா, கிராஷ் கார்டு மாட்டிய பிறகா? கடைசியாகக் கைவைத்த இடத்தை முதலில் பாருங்கள். மற்ற சோதனைகளுக்குத் தேவையே இல்லாமல் போகலாம்.

நடுக்கமா, ரீங்காரமா?

கொஞ்சம் கணக்கு. 100/90-17 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். அறுபது கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. அதாவது சக்கரம் விநாடிக்கு எட்டு ஒன்பது முறை சுற்றுகிறது. அதே நேரத்தில் 4,800 ஆர்பிஎம்மில் ஓடும் என்ஜினின் கிராங்க் விநாடிக்கு 80 முறை சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம்.

உடம்பு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லும். ஹேண்டில் வெடவெடவென்று உதறினால், இடுப்புக்குக் கீழே வண்டி குதிப்பது போலத் தெரிந்தால், அது சக்கரத்தின் தாளம். உள்ளங்கை மரத்துப் போகும்படி, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும்படி மெல்லிய ரீங்காரமாக வந்தால், அது என்ஜினின் தாளம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சாலையில் செய்ய வேண்டிய சோதனைகள்

கிளம்புவதற்கு முன் காற்று அளவு, இரண்டு ஆக்சில் நட்டுகள், பிரேக் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். காற்றை டயர் சூடாகும் முன் அளக்க வேண்டும். பெரும்பாலான 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ அளவு இருக்கும், பின்சக்கரத்துக்கு அதைவிடக் கூடுதல். உங்கள் வண்டிக்கான சரியான எண் கையேட்டில் இருக்கிறது; பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். காற்று குறைந்த முன்டயரே பாதிப் பேரின் மர்மத்துக்குக் காரணமாக இருந்துவிடும். அப்படியானால் இங்கேயே வேலை முடிந்தது.

காலி இல்லாத சாலையில் இந்தச் சோதனைகள் வேண்டாம். நேரான, வழவழப்பான தார்ச்சாலை, விடியற்காலை, பின்னால் வண்டி வராத நேரம். கான்கிரீட் சாலையின் வரிகள் தாமாகவே ஒரு ரீங்காரம் கொடுக்கும். அதையும் வண்டியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

முதல் சோதனை கிளட்ச். அதிர்வு வரும் வேகத்துக்குப் போய், ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்ச்சை முழுதும் பிடியுங்கள். என்ஜின் ஐடிலுக்கு இறங்கும், சக்கரங்கள் அதே வேகத்தில் உருளும். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் டயர், ரிம், பேரிங் பக்கம் பாருங்கள். சட்டென்று மறைந்தால் என்ஜின், அல்லது என்ஜினின் இழுவையைத் தாங்கும் செயின் பக்கம். ஓடும்போது கில் சுவிட்ச்சை அணைத்துப் பார்க்கத் தேவையே இல்லை; கிளட்ச் போதும்.

அடுத்தது கியர் சோதனை. அதே வேகத்தை ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். அறுபதில் ஐந்தாவது கியரில் வந்த நடுக்கம், அறுபதில் நான்காவது கியரிலும் மாறாமல் வந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்தது. கியர் மாற்றியதும் அதிர்வு வேறு வேகத்துக்கு இடம்பெயர்ந்தால் என்ஜினைச் சேர்ந்தது. ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டி என்றால் காதை நம்புங்கள். என்ஜின் ஒரே சுருதியில் பாடும்போதெல்லாம் அதிர்வு வருகிறதா என்று கவனித்தால் போதும்.

மூன்றாவதாக, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் வருகிறதா, விட்டதும் வருகிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது மட்டும் வந்தால் செயின், அது ஓடும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள கப்ளிங் ரப்பர், என்ஜின் மவுண்டிங் ஆகியவற்றில் ஒன்று. பிரேக் பிடிக்கும்போது மட்டும் லிவர் விரலைத் தள்ளித் தள்ளி விட்டால், பிரேக் டிஸ்க் கோணியிருக்கிறது அல்லது டிரம் வட்டம் தவறியிருக்கிறது. ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் அவசர பிரேக்கின்போது வரும் துடிப்பு வேறு. அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது.

புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது கி.மீ. வேகத்தில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் எந்த வண்டியும் குலுங்கத்தான் செய்யும். அது கோளாறு அல்ல. கியரைக் குறையுங்கள்.

முடிவுகளைச் சிறு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "அறுபத்தைந்துக்கு மேல் ஹேண்டில் உதறுகிறது, கிளட்ச் பிடித்தாலும் நிற்கவில்லை, எந்த கியராக இருந்தாலும் அதே வேகம்." இப்படி மூன்று வரி சொல்லும் வாடிக்கையாளரை நல்ல மெக்கானிக் உட்கார வைத்துப் பேசுவார்.

சக்கரத்தின் தாளம் என்றால்

இங்கேதான் கையால் செய்யக்கூடிய வேலை அதிகம், செலவும் குறைவு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்ப, என்ஜினுக்கு அடியில் கட்டை வைத்தோ பின்பக்கத்தை ஒருவர் அழுத்தியோ பார்த்துக்கொள்ளலாம்.

டயரைக் கண்ணால் மட்டுமல்ல, உள்ளங்கையாலும் பாருங்கள். முன்னும் பின்னும் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் அது மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. பக்கச் சுவரில் வீக்கம் தெரிந்தால் அந்த டயரில் இனி ஓட்டக் கூடாது. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. டயர் ரிம்மோடு சேரும் இடத்தில் மெல்லிய வரி ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அந்த வரிக்கும் ரிம்முக்கும் இடையிலான தூரம் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் வரி உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பஞ்சர் ஒட்டிய மறுநாளே வண்டி குதிக்கத் தொடங்கியதற்கு இது பழைய காரணம். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆழம் நன்றாக இருந்தும் ரப்பர் கல்லாக இறுகிப்போன டயர்கள் உண்டு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயர் தரையில் பட்ட பகுதி தட்டையாகியிருக்கும். அது சில கி.மீ. ஓடிச் சூடானதும் குறைந்தால் கவலை இல்லை.

பிறகு ரிம். முன் ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொடாமல் மயிரிழை தள்ளி நிற்கும்படி வெட்டிவிடுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் முனைக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைவது தெரியும். பக்கவாட்டு ஆட்டம், மேல் கீழ் ஆட்டம் இரண்டையும் பார்க்க வேண்டும். பல சர்வீஸ் கையேடுகளில் 2 மி.மீ. எல்லை. ஸ்போக் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஆனால் அதை நீங்களே முறுக்கிவிட வேண்டாம். கோட்டம் எடுப்பது பழகிய கைக்கான வேலை. ஒரு கம்பியை இறுக்கினால் ரிம் இன்னோர் இடத்தில் இழுத்துக்கொள்ளும். அலாய் சக்கரம் பள்ளத்தில் அடிபட்டு நெளிந்திருந்தால், விரிசல் இருக்கிறதா என்று சுத்தமாகத் துடைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். கடக் என்று ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் போயிருக்கிறது. பின்சக்கரத்தில் இதே ஆட்டம், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்தாலும் வரும். சக்கரம் மட்டும் ஆடுகிறதா, ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடுகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்து, அதைத் தாண்டியதும் குறைந்தால் பேலன்ஸை நினையுங்கள். காருக்கு வீல் பேலன்ஸ் செய்யாமல் அனுப்பாத கடைகள்கூட பைக்குக்கு அதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம்: முன்சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை இரண்டு சம உயரத் தாங்கிகளில் வைத்துச் சக்கரத்தைத் தானாக நிற்க விடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வரும். சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே ஐந்து கிராம் ஒட்டு எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எந்த நிலையிலும் சக்கரம் அசையாமல் நிற்கும்வரை போங்கள். அதற்கு முன் ரிம்மில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா என்று கழுவிப் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் இது மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு.

ஹேண்டில் தானாக ஆடினால்

வேகம் அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கும்போது ஹேண்டில் இடவலமாகப் படபடத்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முன்டயர் தேய்மானம், தளர்ந்த கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங்), பின்னால் டாப் பாக்ஸில் ஏற்றிய பாரம், இந்த மூன்றும் முதல் சந்தேகத்துக்குரியவை. கையை விட்டுவிட்டுச் சோதிக்கக் கூடாது; பிடியைச் சற்றுத் தளர்த்தினாலே தெரிந்துவிடும். ஓடும்போது படபடப்பு வளர்ந்தால் பதறி பிரேக்கை அழுத்தாமல், ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

கோன் செட்டைச் சோதிக்க முன்சக்கரம் தூக்கிய நிலையில் ஃபோர்க்கின் கீழ் முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தட்டும் ஓசை வந்தால் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள்; நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவது போலப் பொருந்தி நின்றால் உள்ளே குழி விழுந்துவிட்டது. அதை இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். இதைத் தீர்க்கும்வரை நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

செயினின் மெதுவான தாளம்

மெதுவாகப் போகும்போது வண்டி விட்டுவிட்டு இழுப்பது போல உணர்ந்தால் செயினில் ஓரிடம் இறுகியிருக்கலாம். 110 கண்ணிகள் உள்ள செயினும் 44 பல் உள்ள பின் ஸ்பிராக்கெட்டும் என்றால், சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றும்போது செயின் ஒரு சுற்று முடிக்கிறது. அதாவது ஏறக்குறைய ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அந்த இழுப்பு வரும். சக்கரக் கோளாறு அப்படி வராது. ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது இரண்டு மீட்டருக்குள் வந்துவிடும்.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், என்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, செயினின் தொய்வைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். என்ஜின் ஓட கியரில் சுற்றவிட்டு செயின் அருகே கையோ துணியோ கொண்டுபோகிறவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வட்டாரத்தில் கேட்பார்கள், சரியான அளவு கையேட்டில் இருக்கும். மிகவும் இறுகிய இடத்தில் அளந்து அதற்கேற்ப வைக்க வேண்டும். இடத்துக்கு இடம் தொய்வு பெரிதும் மாறினால் செயினின் ஆயுள் முடிந்தது. பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். மாற்றும்போது செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

செயின் இறுக்கியபோது சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், பின்டயரின் இரு பக்கமும் ஒட்டி முன்டயர்வரை நூல் பிடித்துப் பாருங்கள். கப்ளிங் ரப்பர் நைந்திருந்தால் ஸ்பிராக்கெட்டைக் கையால் முன் பின் அசைக்கும்போதே தெரியும். விலை குறைவு, மாற்றியதும் வண்டி வேறு வண்டி போலிருக்கும்.

என்ஜினின் ரீங்காரம் என்றால்

நியூட்ரலில் நிறுத்தி, மெதுவாக ஆக்சிலேட்டரை ஏற்றுங்கள். குறிப்பிட்ட சுருதியில் ரீங்காரம் எழும்போது, உதவிக்கு ஒருவரை நம்பர் பிளேட், ஹெட்லைட் கவுல், மட்கார்டு, கிராஷ் கார்டு என ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சூடான சைலன்சர் பக்கம் வெறுங்கை வேண்டாம். எதைப் பிடித்ததும் ஒலி நிற்கிறதோ அதன் போல்ட்டைப் பாருங்கள். பல 'என்ஜின் கோளாறுகள்' இப்படி ஒரு வாஷரில் முடிந்துவிடும்.

அடுத்து ஃபவுண்டேஷன் போல்ட்டுகள், அதாவது என்ஜினை ஃபிரேமோடு பிடித்திருப்பவை. இவற்றில் ஒன்று தளர்ந்தால் ரீங்காரம் கால் வைக்கும் கட்டை முதல் டேங்க் வரை பரவும். பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள்; இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். என்ஜினை இறக்கி ஏற்றிய பிறகு அதிர்வு வந்திருந்தால், எல்லா போல்ட்டுகளையும் கொஞ்சம் தளர்த்தி, என்ஜின் தன் இடத்தில் இயல்பாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்குவது நல்லது. சைலன்சர் கிளாம்ப்பையும் இப்படியே பாருங்கள்.

ஹேண்டில்பார் முனைகளில் இருக்கும் எடைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. அவை கைக்கு வரும் ரீங்காரத்தைக் குறைக்கின்றன. கழற்றிவிட்டு வேறு கிரிப் மாட்டியவர்கள் பிறகு கை மரக்கிறது என்று புலம்புவது வழக்கம். ஹேண்டிலில் கைபேசி மாட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

என்ஜின் சீராக எரியாவிட்டாலும் வண்டி குலுங்கும். ஐடில் மிகத் தாழ்ந்திருக்கிறதா, ஸ்பார்க் பிளக் கறுத்துக் கரி பிடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது மலிவான வேலை. இரட்டை சிலிண்டர் வண்டியில் ஒரு சிலிண்டர் வேலை செய்கிறதா என்று அறிய, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் இரண்டு சைலன்சர் குழாய்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சுரீரென ஆவியாகி மற்றொன்றில் வழிந்தோடினால் விடை கிடைத்துவிட்டது.

ஸ்கூட்டருக்குக் கிளட்ச் லிவர் இல்லாததால் மேலே சொன்ன கிளட்ச் சோதனை பொருந்தாது. சிக்னலில் கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூவும் அது உரசும் மணி வடிவக் கிண்ணமும் வழுக்குத் தட்டியிருக்கலாம்; ஓட ஓட அதிர்ந்தால் தானாக கியர் மாற்றும் வேலையைச் செய்யும் வேரியேட்டரின் ரோலர், பெல்ட், என்ஜினைத் தாங்கும் புஷ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் அதிர்வு ஆர்பிஎம்மோடுதான் ஏறுகிறது என்றால், மீதியிருப்பவை என்ஜினுக்குள் இருப்பவை: கிராங்க் பேரிங், கனெக்டிங் ராட், பேலன்சர். பேரிங் தேய்ந்தால் வெறும் அதிர்வு மட்டும் வராது, உள்ளிருந்து தட்டும் ஓசையோ முனகலோ கூட வரும். என்ஜினைப் பிரித்துப் பூட்டிய அன்றே ரீங்காரம் தொடங்கியது என்றால், பேலன்சர் கியரின் குறிகள் பொருந்தாமல் மாட்டப்பட்டிருக்கலாம். பூட்டியவரிடம் அதை நேராகக் கேளுங்கள். இரண்டும் இல்லாமல், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "என்ஜினைப் பிரித்தால்தான் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், உங்கள் மூன்று வரித் தாளை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போங்கள்.